அயல்நகரில் கிறிஸ்து பிறப்பு விழா

கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும் நாள்களில் நம் பங்குகளின் இல்லங்களில் வழக்கமாக எழும் கேள்விகள் சில உண்டு. குடிலுக்கு வைக்கோல் எங்கே கிடைக்கும்? புத்தாடை தைக்கக் கொடுத்தாயிற்றா? நள்ளிரவுத் திருப்பலிக்குப் பிள்ளைகளை எழுப்புவது யார்? அண்மைக் காலமாக இவற்றோடு புதியதொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. இவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எந்த நாட்டுக்குச் செல்லலாம் என்பதே அது. அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு சிங்கப்பூருக்கோ, துபாய்க்கோ, கொழும்புக்கோ, கோலாலம்பூருக்கோ புறப்படும் குடும்பங்கள் தண்டையார்பேட்டையிலும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் இன்று இருக்கின்றன. பல மாதங்களுக்கு முன்பே விமானக் கட்டணத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதும், கடவுச்சீட்டின் காலக்கெடுவைச் சரிபார்ப்பதும், விசாவுக்கு விண்ணப்பிப்பதும் திருவருகைக் கால ஆயத்தங்களுள் ஒன்றாகவே ஆகிவிட்டன.

இதைப் பற்றி நம் மக்களிடையே இருவேறு கருத்துகள் உள்ளன. முதியோர் வருந்துகின்றனர். சொந்த ஆலயத்தின் மணியோசையைக் கேளாமல், சுற்றத்தாருக்குப் பலகாரம் கொடாமல், கல்லறையில் துயிலும் பெற்றோருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றாமல் கொண்டாடுவதும் ஒரு விழாவா என்பது அவர்கள் கேள்வி. இளையோரோ, தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பள்ளியிலும் ஆளுக்கொரு திசையில் ஓடும் குடும்பம் ஒன்றாக இருக்க ஆண்டில் அந்த ஒரு வாரம்தானே வாய்க்கிறது என்கின்றனர். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தைக்கு விடுப்புக் கிடைக்காதபோது, மனைவியும் மக்களும் அங்கே செல்வதைத் தவிர வேறு வழியில்லாத இல்லங்களும் உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

இவ்வழக்கை உணர்ச்சியைக் கொண்டு தீர்ப்பதைவிட வரலாற்றைக் கேட்டுத் தீர்ப்பது நன்று. அயல்நகரில் கிறிஸ்து பிறப்பு விழாவைக் கொண்டாடுவது புதுமையன்று. நம் வடசென்னைக் கரையோரம் அதனை நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறது. அன்று சென்றவர்கள் சுற்றுலாவாகச் செல்லவில்லை என்பதே வேறுபாடு. அந்த வேறுபாட்டைச் சற்றே உற்று நோக்குவோம்.

விழாவே ஒரு வழிப்போக்கன்

டிசம்பர் 25ஆம் நாள் கிறிஸ்து பிறப்பு விழாவாகக் குறிக்கப்பட்டிருக்கும் மிகப் பழைய சான்று, கி.பி. 354ஆம் ஆண்டைச் சேர்ந்த உரோமைக் காலக்கணிப்பு ஏடு. கீழைத் திருச்சபை நெடுங்காலம் சனவரி 6ஆம் நாளையே இறைவன் வெளிப்பட்ட நாளாகப் போற்றி வந்தது. உரோமையில் பிறந்த விழா மெல்ல மெல்லப் பயணப்பட்டது. 386ஆம் ஆண்டு அந்தியோக்கியாவில் மறையுரை ஆற்றிய புனித யோவான் கிறிசோஸ்தோம், இவ்விழா அந்நகருக்குத் தெரியவந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை என்கிறார். எருசலேமில் அது நிலைபெற ஆறாம் நூற்றாண்டு ஆயிற்று. ஆண்டவர் பிறந்த பெத்லகேமுக்கே டிசம்பர் 25 வெளியூரிலிருந்து வந்த விருந்தாளி என்பது வியப்பன்றோ! அர்மேனியத் திருச்சபை இன்றும் சனவரி 6ஆம் நாளிலேயே பிறப்பைக் கொண்டாடுகிறது.

விழா பயணப்பட்டது போலவே மக்களும் பயணப்பட்டனர். எஜேரியா என்னும் பெண்மணி மேற்கு ஐரோப்பாவிலிருந்து புறப்பட்டு, 381க்கும் 384க்கும் இடையில் புனித நாட்டில் தங்கித் தாம் கண்டவற்றைத் தம் ஊர்ச் சகோதரிகளுக்குக் கடிதமாக எழுதினார். அக்கையேட்டின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரேட்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. இறைவெளிப்பாட்டு விழாவின்போது பெத்லகேமில் இரவு வழிபாட்டை முடித்த மக்கள், விடியும் வேளையில் எருசலேம் திரும்புவதையும், எட்டு நாள்கள் தொடர்ந்து விழா எடுப்பதையும் அவர் விவரிக்கிறார். அயல்நாட்டில் விழாக்காணச் சென்று ஊருக்கு மடல் எழுதிய அந்தப் பெண்மணியை, இன்று கைப்பேசியில் படம் அனுப்பும் நம் குடும்பங்களின் முன்னோடி எனலாம். ஆனால் அவர் எழுதியவை கடைத்தெருவைப் பற்றியன அல்ல. அங்கே மக்கள் எவ்வாறு கூடினர், எந்த வேளையில் எங்கே செபித்தனர் என்பவற்றைப் பற்றியன.

அவருக்குச் சில ஆண்டுகள் பின்னர், உரோமை உயர்குடிக் கைம்பெண்ணான புனித பவுலா, மகள் யூஸ்டோக்கியத்துடன் அதே நாட்டுக்குப் பயணமானார். 385இல் அவர் கப்பலேறியபோது, கரையில் நின்ற சிறுவன் தொக்சோசியுஸ் தாயை நோக்கிக் கைகளை நீட்டி மன்றாடியதைப் புனித எரோணிமுஸ் உருக்கத்தோடு பதிவு செய்துள்ளார். துறைமுகத்தில் பிள்ளையை விட்டுப் பிரிந்த தாயின் நெஞ்சம் எத்தகையது என்பதை நம் பகுதி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெத்லகேமில் குடியேறிய பவுலா துறவு இல்லங்களோடு வழிப்போக்கருக்கான ஒரு விடுதியையும் எழுப்பினார். யோசேப்பும் மரியாவும் மீண்டும் பெத்லகேமுக்கு வர நேர்ந்தால் இம்முறை தங்க இடம் இருக்கும் என்பது அவ்விடுதியைப் பற்றி எரோணிமுஸ் தரும் விளக்கம். கிறிஸ்து பிறப்பைக் கண்முன் நிறுத்தக் குடில் அமைக்கும் வழக்கத்தைப் புனித அசிசி பிரான்சிஸ் கிரேச்சோ ஊரில் பரப்பியது 1223இல்தான். அதற்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெத்லகேமில் பெண்ணொருத்தி, பொம்மைகளுக்கன்று, மனிதருக்கே குடில் கட்டினாள்.

சத்திரமும் தொட்டியும்

லூக்கா நற்செய்தியில் மரியாவுக்கும் யோசேப்புக்கும் இடம் கிடைக்காத இடத்தைப் பழைய தமிழ் மொழிபெயர்ப்புகள் 'சத்திரம்' என்றன. பொது மொழிபெயர்ப்பு 'விடுதி' என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'கத்தாலுமா'. ஆண்டவர் சீடரோடு பாஸ்கா உண்ட அறையைக் குறிக்கவும் லூக்கா இதே சொல்லைத்தான் ஆளுகிறார். ஆகவே அது ஒரு வீட்டின் விருந்தறையாக இருக்கலாம் என்று விவிலிய அறிஞர் பலர் கருதுகின்றனர். நல்ல சமாரியர் உவமையில் வரும் விடுதிக்கு அவர் கையாளும் சொல் வேறு. அது 'பாந்தொக்கேயோன்'. எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அதன் பொருள். தாவீதின் ஊரில், தம் குலத்தாரின் ஊரில், விருந்தறையில் இடமில்லை. ஆனால் அன்னியன் ஒருவன், அடிபட்டுக் கிடந்தவனை எல்லாரையும் ஏற்கும் இடத்துக்குத் தூக்கிச் செல்கிறான். ஒரே நற்செய்தியாளரின் இவ்விரு சொற்களுக்கிடையே ஒரு முழு மறையுரை அடங்கியிருக்கிறது.

அந்தச் சத்திரம் என்னும் சொல்லுக்கு வடசென்னையில் உயிருள்ள பொருள் உண்டு. ஐதர் அலியின் போரினால் நாடு பாழ்பட்டு, 1781-82இல் கொடும்பஞ்சம் வந்தபோது, பசித்து நகருக்கு வந்து சேர்ந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கப்பட்டது மணியக்காரர் சத்திரம். மக்கள் அதனைக் கஞ்சித்தொட்டி என்றே அழைத்தனர். நோயுற்றோரையும் அது ஏற்றது. அதன் மடியிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே நெடுங்காலம் மக்கள் வாயில் வழங்கியது. பெத்லகேமில் குழந்தை கிடத்தப்பட்டது தீவனத் தொட்டியில். இராயபுரத்தின் அருகே ஊரற்றவருக்கு உயிர் கொடுத்ததும் ஒரு தொட்டி. நம் வட்டாரத்தாருக்குக் கிறிஸ்து பிறப்பை விளக்க வேறு உவமை தேட வேண்டுமா?

இன்னும் ஒன்று. சென்னை நடுவண் தொடர்வண்டி நிலையத்தின் அருகே, இரயிலில் வந்திறங்குவோர் தங்க 1888இல் எழுந்தது இராஜா சர் சவலை இராமசாமி முதலியார் சத்திரம். அதே கொடையாளரின் பெயரைத் தாங்கி இராயபுரத்தில் நிற்கிறது, ஏழைத் தாய்மாருக்கான பிரசவ மருத்துவமனை. வழிப்போக்கனுக்கு ஒரு சத்திரம், நிறைசூலிக்கு ஒரு கட்டில். பெத்லகேமில் அன்றிரவு இல்லாதிருந்தவை இவ்விரண்டுமே. அவற்றை அளித்தவர் கிறிஸ்தவரல்லர் என்பதை நாம் நன்றியோடும் நாணத்தோடும் நினைக்க வேண்டும்.

நம் ஊர்ப் பெயரும் இதையே சொல்கிறது. இராமநாதபுரச் சீமையின் தொண்டிப் பகுதியிலிருந்து வந்து இங்கே தங்கிய இசுலாமிய ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு (1792-1838) 'தொண்டியார்' எனப்பட்டார். அவர் பெயரால் வழங்கிய தொண்டியார்பேட்டையே மருவித் தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். வெளியூரிலிருந்து வந்த ஒருவரின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்ட ஊர் இது.

கரையிலிருந்து கப்பலுக்கு

சென்னைக்கு நெடுங்காலம் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் இடையே சீறும் அலைகளைக் கடக்க, ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே வழி. அப்படகுகளைச் செலுத்தியோருள் கத்தோலிக்கர் பலர். அவர்கள் குடியிருந்த பகுதிதான் இராயபுரம். திருத்தூதர் பேதுருவை இராயப்பர் என்று அழைப்பது நம் பழைய வழக்கு. அவர் பெயரால் எழுந்த ஆலயம் படகோட்டிகளின் ஆலயமாகவே புகழ்பெற்றது. ஆளுநராயினும் கூலியாளாயினும், இவ்வூருக்கு வரும் அன்னியன் முதலில் பற்றிய கை படகோட்டியின் கை. ஊரைவிட்டுப் போகிறவன் கடைசியாக விட்ட கையும் அதுவே.

அவ்வாறு சென்றவர்களுள் 1860 அக்டோபரில் 'துரூரோ' கப்பலில் ஏறியவர்களை நினைவுகூர்வோம். 342 பேரைச் சுமந்துகொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட அக்கப்பல், நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து அங்கே சென்ற முதல் கூட்டம் அதுவே. அவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தனர். கரையிறங்கி நாற்பது நாள் நிறைவதற்குள் கிறிஸ்து பிறப்பு நாள் வந்தது. அந்நாட்டில் டிசம்பர் கோடைக்காலம். பனி இல்லை, பழகிய மொழியில் பூசைப் பிரசங்கம் இல்லை, உறவு இல்லை. மன்னனின் கணக்கெடுப்புக் கட்டளைக்காக நாசரேத்தை விட்டு நடந்த ஏழைத் தம்பதியரின் கதையை அன்று அவர்களைவிட நன்றாக உணர்ந்தவர் யார்? அவர்களுடைய பெயர்களும் பதிவேட்டில் எண்களாகவே எழுதப்பட்டிருந்தன.

தங்கியவர் எழுப்பிய ஆலயங்கள்

கீழ்த்திசையில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்றோரின் வரலாறு நமக்கு இன்னும் நெருக்கமானது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர் தொடக்கத்தில் குவீன் வீதியில் உள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரோடு சேர்ந்து வழிபட்டனர். தமிழருக்கென ஓர் ஆலயம் வேண்டும் என்னும் ஏக்கம், பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்த அருட்தந்தை மெனுவ்ரியேயின் உழைப்பால் நிறைவேறியது. 1886இல் அடிக்கல் இடப்பட்டு, 1888இல் ஓஃபிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. அதே சபைதான் புதுச்சேரி மறைத்தளத்திலும் பணியாற்றியது என்பதால், கடலின் இரு கரைகளும் ஒரே மேய்ப்பரின் குரலைக் கேட்டன. 2005இல் சிங்கப்பூர் அரசு அவ்வாலயத்தைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. பினாங்கின் புனித பிரான்சிஸ் சவேரியார் ஆலயமும், கோலாலம்பூர்ப் புடு பகுதியின் புனித அந்தோனியார் ஆலயமும் இவ்வாறே தமிழரின் வியர்வையில் வேரூன்றியவை.

இவர்களைச் சுமந்து சென்ற கப்பல்களுள் நம் மக்கள் நினைவில் நிலைத்தது 'ரஜுலா'. 1926இல் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்னும் வழியில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியது. செல்வர் சிலருக்கு அறைகள் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்து ஒரு வார காலத்தைக் கழித்தனர். ஊறுகாய்ச் சாடியும் தகரப்பெட்டியும் செபமாலையும் அவர்களுடைய சுமை. டிசம்பரில் கப்பலேறியவர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு நாள் நடுக்கடலிலும் வந்திருக்கும். எந்த நகரமும் இல்லாத இடத்தில் பாயும் அலையும்தான் அன்று அவர்களுக்குக் குடில்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இவர்கள் போன ஊரில் தங்களுக்கென வீடு கட்டிக்கொள்வதற்கு முன்னரே இறைவனுக்கு வீடு கட்டினர். ஏனென்றால் அதுவே அடுத்த கப்பலில் வரப்போகிறவனுக்கும் வீடு. புதிதாய் வந்தவன் முதலில் கேட்டது தமிழ்க்கோயில் எங்கே என்பதுதான். வேலையும் தங்குமிடமும் பெண் கொடுத்தலும் பிணம் எடுத்தலும் அக்கோயில் முற்றத்தில்தான் பேசப்பட்டன. பவுலா பெத்லகேமில் எழுப்பிய விடுதியைப் பற்றி இவர்களுள் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் கட்டியதும் அதுவே.

1941ஆம் ஆண்டின் டிசம்பர்

நம் பகுதி மறக்கக்கூடாத அயல்நகர்க் கிறிஸ்து பிறப்பு ஒன்று உண்டு. அன்று இரங்கூன் பாதி இந்திய நகரமாகவே இருந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகர மக்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். சென்னையிலிருந்து சென்ற தமிழர் வங்கக்கடலின் மறுகரையில் துறைமுகத்திலும் ஆலைகளிலும் கடைகளிலும் உழைத்தனர். 1941 டிசம்பர் 23ஆம் நாள் பகலில் சப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. வானில் வந்தவை யாவை என்று அறியாமல் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் பலர் அங்கேயே மாண்டனர். ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு நாள் இடைவெளி விட்டு, கிறிஸ்து பிறப்பு நாளன்றே விமானங்கள் மீண்டும் வந்தன. விண்மீனைத் தேடி வானத்தைப் பார்க்க வேண்டிய நாளில் வானத்தைப் பார்க்கவே மக்கள் அஞ்சினர்.

அதன்பின் நிகழ்ந்தது நெடும்பயணம். இலட்சக்கணக்கான இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். கப்பலில் இடம் பிடித்தோர் சிலர். மற்றோர் அரக்கான் மலைகளையும் மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகவே கடந்தனர். பசியிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தோர் ஏராளம். மத்தேயு நற்செய்தியில் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு யோசேப்பு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடியதை வாசிக்கும்போதெல்லாம் இவர்களை நினைக்காமல் இருக்க முடியுமா? போருக்குப்பின் திரும்பிச் சென்றவர்களும், 1964இல் பர்மிய அரசு கடைகளையும் வணிகத்தையும் நாட்டுடைமை ஆக்கியபின் மீண்டும் கையில் ஒன்றுமின்றிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வியாசர்பாடி முதலிய இடங்களில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். 1969இல் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜார் அமைந்தது. இன்று மாலை வேளையில் நாம் சுவைக்கும் அத்தோவும் மொய்ங்காவும் அவர்கள் சுமந்துவந்த நினைவுகள். நம் பிள்ளைகள் அதனை உண்ணும்போது, ஒரு நகரத்தை இழந்தவர்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய பயணம்

'ரஜுலா' 1973இல் ஓய்வு பெற, அதனிடத்தில் 'எம்.வி. சிதம்பரம்' ஓடத் தொடங்கியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றிப் பயணிகள் பலர் உயிரிழந்ததோடு, சென்னை-சிங்கப்பூர்ப் பயணிகள் கப்பல் என்னும் நூற்றாண்டு மரபும் முடிந்துபோயிற்று. ஒரு வாரப் பயணம் நான்கைந்து மணி நேரமாகச் சுருங்கியது. மக்கள் செல்லும் திசையும் மேற்கே திரும்பியது. துபாயில் ஆட்சியாளர் அளித்த நிலத்தில் 1967இல் திறக்கப்பட்ட புனித மரியா ஆலயத்தில் இன்று தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் திருப்பலி நிறைவேறுகிறது. ஆனால் அந்நாட்டில் டிசம்பர் 25 பொது விடுமுறை அன்று. காலையில் வேலைக்குச் சென்று, மாலையில் ஆலய வளாகத்தில் நெருக்கியடித்து நின்று விழாவை நிறைவு செய்கின்றனர் நம் உழைப்பாளர்.

இவ்வரலாற்றை மனத்தில் இருத்திக்கொண்டு, இவ்வாண்டுப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பங்களுக்குச் சில கருத்துகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, நாள் பற்றியது. கிறிஸ்து பிறப்புக் காலம் ஒரே இரவோடு முடிந்துவிடுவதில்லை. எட்டு நாள் விழாவாக அது சனவரி முதல் நாள் வரை நீள்கிறது. காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை தொடர்கிறது. இடையில் வரும் திருக்குடும்ப விழாவைத் திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1921இல் திருச்சபை முழுமைக்கும் உரியதாக்கினார். எனவே வீட்டில் முதியோர் இருப்பின், நள்ளிரவுத் திருப்பலியையும் விழா நாள் உணவையும் அவர்களோடு பகிர்ந்துவிட்டு 26ஆம் நாள் புறப்படலாம். திருக்குடும்ப விழாவை அயல்நகரில் கொண்டாடலாம். பெற்றோரைத் தனியே விட்டு, பூட்டிய வீட்டின்முன் விண்மீன் விளக்கு மட்டும் எரிவது பயணத்தின் குற்றமன்று, திட்டமிடலின் குறை.

இரண்டாவது, இடம் பற்றியது. விடுதியையும் கடைத்தெருவையும் தேர்வதற்குமுன், அந்நகரில் ஆலயம் எங்கே, தமிழில் திருப்பலி எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் டிசம்பர் 25 பொது விடுமுறை. துபாயிலும் பாங்காக்கிலும் அவ்வாறன்று. அதற்கேற்ப வழிபாட்டு நேரம் மாறும். சிங்கப்பூர் செல்வோர் வண்ண விளக்குகளைக் காணத்தான் வேண்டும். அதோடு ஓஃபிர் சாலைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று, பாய் விரித்துக் கடல் கடந்தவர்கள் எழுப்பிய கோபுரத்தையும் காட்டுங்கள். கொழும்பு செல்வோர் கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில், 2019 உயிர்ப்பு ஞாயிறன்று குண்டுவெடிப்பில் மாண்டோருக்காகச் சற்றே முழந்தாளிடுங்கள். திருப்பலி முடிந்ததும் விரைந்து கலையாதீர்கள். ஆலய முற்றத்தில் தனியே நிற்கும் நம் ஊர்ப் பணிப்பெண்ணும், கட்டுமானத் தொழிலாளியும் உங்கள் முகத்தில் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருப்பார்கள். வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற முறுக்கையும் அதிரசத்தையும் அவர்களோடு பகிர்ந்தால், அவ்வாண்டு அவர்களுக்கும் கிறிஸ்து பிறப்பு நிகழ்ந்திருக்கும்.

மூன்றாவது, நம் ஊரைப் பற்றியது. நாம் அயல்நகருக்குப் புறப்படும் அதே நாள்களில், நம் நகரையே அயல்நகராகக் கொண்டு கிறிஸ்து பிறப்பைக் கழிப்போர் நம் தெருவில் இருக்கின்றனர். மணலியிலும் எண்ணூரிலும் உழைக்கும் ஜார்க்கண்டு, ஒடிசா மாநிலத்து இளைஞருள் கத்தோலிக்கரும் உண்டு. தமிழ்ப் பாடல்கள் புரியாமல் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கும் அவர்களை நாம் கண்டிருக்கிறோம். துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் கப்பல்களில் பிலிப்பீன்சு நாட்டு மாலுமியர் தங்கள் பிள்ளைகளின் படத்தைப் பார்த்துக்கொண்டு விழாவைக் கழிக்கின்றனர். இத்தகையோருக்காகவே 1920இல் கிளாஸ்கோவில் தொடங்கப்பட்டது, இன்று 'ஸ்டெல்லா மாரிஸ்' எனப்படும் கடற்பணியாளர் மறைப்பணி. ஊரிலேயே இருந்தும் விழாவை இழந்தோரும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலம் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவ, வலையும் படகும் கறுத்து, மீன்பிடித் தொழில் முடங்கிய நிலையில்தான் அவ்வூர்களுக்குக் கிறிஸ்து பிறப்பு நாள் வந்தது. பயணச் செலவுக் கணக்கை எழுதும் தாளில் இவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்குவது கடினமா?

ஆகவே அயல்நகரில் விழாக் கொண்டாடலாமா என்னும் கேள்விக்கு வரலாறு தடை சொல்லவில்லை. விழாவே ஊர்விட்டு ஊர் வந்தது. அதன் முதல் குடும்பமும் வெளியூரில்தான் பிள்ளையைப் பெற்றது. பிறநாட்டில்தான் அதை வளர்த்தது. வரலாறு நம்மிடம் கேட்பது வேறொன்று. போகும் ஊரில் அன்னியனோடு சேர்ந்து நிற்பாயா? விட்டுச் செல்லும் ஊரில் அன்னியனுக்கு இடம் வைத்திருக்கிறாயா?

சீட்டு எடுப்பதற்குமுன் குடும்பமாக அமர்ந்து இவ்விரு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொள்ளுங்கள். விடை கிடைத்தபின் எந்த நகருக்குச் சென்றாலும் அங்கே பெத்லகேம் இருக்கும். பயணம் போக வசதியில்லாத இல்லங்களுக்கும் இக்கேள்விகளுள் ஒன்று உரியதே. வீட்டில் ஓர் இலை கூடுதலாக விரிக்க விமானச் சீட்டு வேண்டியதில்லை.